பியூஸ் வீட்டைக் காக்கும்; ஆளை எது காக்கும்?

களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை வரை செல்லும் சாலையின் இரு பக்கங்களிலும் பழைய வீடுகள் புதுக்கோலம் பூண்டு வருகின்றன. ஓட்டை இறக்கிவிட்டுக் கான்கிரீட் போடுகிறார்கள். சாணம் மெழுகிய தரைக்கும் சிமெண்டுத் தரைக்கும் மேலே டைல்ஸ் வந்துவிட்டது. சுவர்களுக்குப் புது வர்ணம். சுவிட்சு போர்டுகளும் மாறுகின்றன. கறுத்துப்போன மரப்பலகை இருந்த இடத்தில் வெள்ளை வெளேர் என்று பிளாஸ்டிக் தட்டு பளபளக்கிறது. ஆனால் அந்தத் தட்டுக்குப் பின்னால் ஓடும் கம்பி எந்த ஆண்டில் போடப்பட்டது? எர்த் கம்பி எங்கே போய் முடிகிறது? வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. வாடகைக்கு இருப்பவருக்கோ அதைக் கேட்கத் தோன்றுவதே இல்லை.

இந்த வீடுகளில் குடியிருப்போரில் கணிசமானவர்கள் தமிழர்கள். எல்லையை ஒட்டித் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் உண்டு. கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் வந்து குடியேறியவர்கள் உண்டு. 1979-ல் திருவனந்தபுரத்திற்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ தங்கி, காலை வண்டியில் தலைநகர் சென்று மாலையில் திரும்பும் எழுத்தர்களும் உண்டு. வாடகை குறைவு என்பதற்காகப் பழைய வீடுகளைத் தேடிப் பிடிப்பவர்கள் இவர்கள். அந்தக் குறைந்த வாடகையில் ஓர் அபாயமும் சேர்ந்தே வருகிறது என்பதைச் சொல்வார் இல்லை.

அந்தக் காலக் கம்பியும் இந்தக் காலச் சுமையும்

திருவனந்தபுரத்தில் மின்சார விளக்கு எரியத் தொடங்கியது 1929-ல். பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-ல் இயங்க ஆரம்பித்த பிறகுதான் திருவிதாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கு மின்சாரம் பரவ வழி பிறந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. அடுத்த ஆண்டே, 1957-ல், இரண்டு மாநிலங்களிலும் தனித்தனி மின்சார வாரியங்கள் அமைந்தன. கிராமங்களில் வீட்டுக்கு வீடு மின்சாரம் வந்தது அதன் பிறகு வந்த பத்தாண்டுகளில்தான்.

அந்நாளில் வீட்டுக்கு மின்சாரம் என்றால் என்ன? திண்ணைக்கு ஒரு பல்பு, அடுக்களைக்கு ஒரு பல்பு, நடு அறையில் ஒரு பல்பு. வசதி உள்ளவர் வீட்டில் ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ. எல்லாம் சேர்ந்தாலும் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் போதும். அதற்கு ஏற்ற மெல்லிய கம்பியை மரச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட்டினார்கள். பீங்கான் பியூஸ் ஒன்றோ இரண்டோ வைத்தார்கள். பல்புக்கு எர்த் தேவையில்லை என்பதால் பல வீடுகளில் எர்த் கம்பி மீட்டர் பலகையோடு நின்றுவிட்டது. அன்றைக்கு அது குறையாகத் தெரியவில்லை.

இன்று அதே வீட்டில் குளிர்பதனப் பெட்டி, மிக்ஸி, கிரைண்டர், சலவை இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, கிணற்றுக்கு மோட்டார், குளியலறையில் வெந்நீர்க் கலம். இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று முழு வேகத்தில் எரிந்தால் 2,000 வாட். அதாவது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர். முன்பு மொத்த வீட்டுக்கும் ஓர் ஆம்பியர் போதுமாக இருந்த கம்பியில் இன்று அடுக்களை மட்டுமே 9 ஆம்பியர் கேட்கிறது. பிளாஸ்டிக் தட்டை மாற்றியதால் கம்பி பருத்துவிடுமா?

2017 மே 29-ம் தேதி கேரளம் முழுமையாக மின்மயமான மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. பாராட்டத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை. எல்லா வீட்டுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றால், அடுத்த கேள்வி அந்த மின்சாரம் எல்லா வீட்டிலும் அபாயமின்றி இருக்கிறதா என்பதுதான்.

பியூஸின் வேலை என்ன?

“பியூஸ் இருக்கிறதே, என்ன பயம்?” என்று கேட்பவர் பலர். பியூஸ், அதன் இடத்தில் இன்று வந்துள்ள எம்.சி.பி. ஆகிய இரண்டுமே கம்பியைக் காப்பதற்காக ஏற்பட்டவை. அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் தடுப்பதே அவற்றின் பணி. 5 ஆம்பியர் பியூஸ் 5 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அசையும். மனித உடம்போ அவ்வளவு தாங்காது. இதயத்தின் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். ஒரு மனிதர் கம்பியைப் பிடித்துத் துடிக்கும் நேரத்தில், பியூஸின் கணக்கில் அது இன்னும் ஒரு சின்ன பல்பு எரிவது போலத்தான்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் இதைத் தன்னார்வலர்களைக் கொண்டு ஆராய்ந்தார். கையில் பிடித்த கம்பியை ஒருவர் தாமாகவே விட்டுவிட முடிகிற உச்ச அளவு, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை மில்லி ஆம்பியர் என்று கண்டார். அதற்கு மேல் போனால் தசைகள் இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது. “கரண்ட் பிடித்து இழுத்துக்கொண்டது” என்று ஊரில் சொல்வது இதைத்தான். இந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1961-ல் அவர் உருவாக்கியதே மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் கருவி. இதே நோக்கமுள்ள கருவிகள் ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றின. இங்கே இ.எல்.சி.பி. என்று எல்லோரும் அழைப்பதும், கடையில் ஆர்.சி.சி.பி. என்ற பெயரில் விற்பதும் அந்த வகைக் கருவியே.

அதன் தத்துவம் எளிது. ஒரு வீட்டுக்குள் பேஸ் கம்பி வழியாகப் போகும் மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்பி வர வேண்டும். போனது 5 ஆம்பியர், வந்ததும் 5 ஆம்பியர் என்றால் கணக்கு சரி. போனதில் கொஞ்சம் குறைந்தால் அது எங்கோ கசிகிறது: ஈரச் சுவர் வழியாகவோ, கிரைண்டரின் உடல் வழியாகவோ, ஒரு மனிதர் வழியாகவோ. அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கருவி விழுந்துவிடும். விழுவதற்கு அதற்கு உள்ள அவகாசம் ஒரு விநாடியில் பத்தில் மூன்று பங்கு. கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் வேகம். 150 மில்லி ஆம்பியரில் ஒரு விநாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இணைப்பு அறுந்துவிடும்.

மண்ணையும் பார்க்க வேண்டும்

இந்தக் கருவியை வாங்கி மாட்டிவிட்டால் எர்த் வேண்டாம் என்று சிலர் நினைப்பது பெரும் பிழை. எர்த் சரியாக இருந்தால், குளிர்பதனப் பெட்டியின் உடலில் மின்சாரம் ஏறியவுடனே அது மண்ணுக்குப் பாயும், கருவியும் அப்போதே விழும். ஆள் தொட வேண்டியதில்லை. எர்த் இல்லாவிட்டால் கருவி காத்திருக்கும். யாராவது தொட்ட பிறகுதான் விழும். உயிர் பிழைக்கலாம், ஆனாலும் அடி வாங்கிய பிறகுதான். ஏணி மேல் நிற்கும்போது வாங்கும் சிறு அதிர்ச்சியும் கீழே தள்ளிவிடும்.

எர்த் மட்டும் இருந்து கருவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த வட்டாரம் செம்பாறை மண். மழைக்காலத்தில் ஈரம் நிற்கும். மாசி, பங்குனியில் வறண்டு இறுகிவிடும். வறண்ட மண்ணில் எர்த் குழியின் தடை ஏறும். தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் பாயும் மின்னோட்டம் பதினொன்றரை ஆம்பியர். வெந்நீர்க் கலத்துக்கு வைத்த 15 ஆம்பியர் பியூஸ் இதற்கு உருகாது. கலத்தின் உடலில் மின்சாரம் நின்றபடியே இருக்கும். தடை 500 ஓமாகவே கெட்டுப்போயிருந்தாலும், பாய்வது ஏறத்தாழ அரை ஆம்பியர்; 30 மில்லி ஆம்பியர் கருவி அதில் உடனே விழுந்துவிடும். ஆகவே எர்த்தும் கருவியும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. இரண்டும் சேர்ந்தால்தான் காப்பு.

இரண்டரை மீட்டர் நீளமுள்ள நாகம் பூசிய இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி, கோடையில் தண்ணீர் ஊற்றி வருவது பழைய முறை. இன்றும் அது செல்லுபடியாகும் முறைதான். ஆனால் பழைய வீடுகளில் அந்தக் குழாய் துருப்பிடித்து அற்றுப்போயிருக்கும். அல்லது டைல்ஸ் போடும்போது குழியே மூடப்பட்டிருக்கும். தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றுவதும், பிளக் பாயிண்டுக்கு உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடுவதும் அதைவிடக் கொடுமை. நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால், வீட்டில் உள்ள இரும்புச் சாமான்கள் அத்தனையிலும் மின்சாரம் ஏறிவிடும்.

பாலராமபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியமர்ந்த சாலியர்களின் கைத்தறி ஊர் அது. குழித்தறியில் நெசவாளர் காலை மண் குழிக்குள் இறக்கி உட்காருகிறார். மேலே தொங்கும் விளக்கு, பக்கத்தில் இரும்பு மின்விசிறி. வெறுங்கால், ஈர மண், இரும்புச் சாமான் மூன்றும் ஓரிடத்தில் கூடினால் மின்கசிவுக்கு வேறென்ன வேண்டும்? தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் பகுதி இது. சுவர்களில் ஈரம் ஏறுவதற்கு ஆண்டில் பாதிக் காலம் கிடைக்கிறது.

கருவியின் மேல் வரும் கோபம்

புதிய இணைப்புகளில் இக்கருவி இப்போது வழக்கமாகிவிட்டது. பழைய வீட்டில் அதை மாட்டினால்தான் தகராறு தொடங்குகிறது. மாட்டிய அன்றே விழுகிறது. மறுநாளும் விழுகிறது. மழை வந்தால் விழுகிறது. “அண்ணாச்சி, இது சும்மா சும்மா விழுது, டைரக்டா குடுத்துரட்டா?” என்று வயர்மேன் கேட்கிறார். “குடுத்துருடே, மீனெல்லாம் கெட்டுப் போவுது” என்று பதில் வருகிறது. இரண்டு கம்பிகளைக் கருவிக்கு வெளியே இணைத்துவிடுகிறார்கள். பெட்டியில் கருவி இருக்கிறது. வேலை மட்டும் செய்வதில்லை. கருவியே இல்லாத வீட்டைவிட இது ஆபத்தானது. இருக்கிறது என்ற தைரியத்தில் அங்கே அஜாக்கிரதையும் கூடிவிடுகிறது.

கருவி சும்மா விழுவதில்லை. பழைய வீட்டில் அது விழுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, கம்பியின் உறை வெடித்து ஈரச் சுவரில் உண்மையாகவே கசிவு இருக்கும். இரண்டு, ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொன்றுக்கு இரவல் வாங்கியிருப்பார்கள். பிற்காலத்தில் இன்வர்ட்டர் வைத்தபோதோ, மாடிக்கு லைன் இழுத்தபோதோ நடந்த காரியம் அது. மூன்று, வெந்நீர்க் கலத்தின் உள்ளேயிருக்கும் சூடேற்றும் கம்பியோ பழைய மோட்டாரோ பழுதாகியிருக்கும். மூன்றுமே கண்டுபிடித்துச் சரிசெய்யக் கூடியவை. காய்ச்சல் காட்டுகிறது என்பதற்காக வெப்பமானியை உடைப்பவர் உண்டா?

ஐப்பசி மாத இடி மின்னலில் கருவி காரணமின்றி விழுவதும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அதற்கும் வழி இருக்கிறது. மின்னல் அலையைத் தாங்கும் தடுப்புச் சாதனம் ஒன்றை மெயினில் சேர்க்கலாம். குளிர்பதனப் பெட்டிக்கு மட்டும் தனியாக, கசிவையும் மிகையோட்டத்தையும் சேர்த்துக் கவனிக்கும் ஆர்.சி.பி.ஓ. ஒன்றை வைத்துவிட்டால், மற்ற அறையில் நேரும் கோளாறுக்காக மீன் கெடாது.

இக்கருவி சர்வரோக நிவாரணியும் அல்ல. காய்ந்த மரப்பலகை மேல் நின்று, ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் அது விழாது. போனதும் வந்ததும் சமமாக இருப்பதால் அதன் கணக்கில் தவறே இல்லை. மிகையோட்டத்தையும் அது தடுக்காது, அதற்கு எம்.சி.பி. கூடவே வேண்டும். கம்பியின் பருமனுக்கு ஏற்ற எம்.சி.பி.யாகவும் இருக்க வேண்டும். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் விளக்குக் கம்பிக்கு 10 ஆம்பியருக்கு மேல் போடுவது தவறு. பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கும் பழக்கமோ, காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்கப் போவதற்கு ஒப்பானது.

சோதனை இல்லாத வேலை முடிந்த வேலை ஆகாது

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது எந்த வரிசையில் செலவு செய்வது? இப்போது நடப்பது, முதலில் அலங்கார விளக்கு, பிறகு சுவிட்சுத் தட்டு, காசு மிஞ்சினால் பாதுகாப்பு. இது தலைகீழாக மாற வேண்டும். முதலில் பழைய கம்பியைச் சோதிக்க வேண்டும். அடுத்து எர்த். அதன்பின் மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் எம்.சி.பி. அலங்காரம் கடைசியாக வரட்டும். கருவியில் 100 என்றும் 300 என்றும் அச்சிட்டவையும் கடையில் கிடைக்கின்றன. அவை தொழிற்சாலைக்கும் பெரிய இணைப்புகளுக்கும் உரியவை. வீட்டில் ஆளைக் காக்க 30-தான்.

சோதனை என்றால் டெஸ்டரை வைத்து வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பதல்ல. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பைப் பிடித்து எரிகிறதா என்று பார்ப்பதும் அல்ல. 50 ஓம் தடையுள்ள மோசமான எர்த்திலும் 100 வாட் பல்பு நன்றாகவே எரியும். உரிய சோதனைகள் நான்கு.

முதலாவது, மெக்கர் சோதனை. மெயினை அணைத்து, சாமான்களையெல்லாம் கழற்றிவிட்டு, 500 வோல்ட் நேர்மின்னோட்டம் செலுத்திக் கம்பியின் உறையைச் சோதிப்பது. அளவு ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் அந்தக் கம்பியை நம்பக் கூடாது. இரண்டாவது, எர்த் டெஸ்டரால் குழியின் தடையை அளப்பது. இதைக் கோடையில் செய்வதே நலம், மழைக்காலத்து அளவு ஏமாற்றும். மூன்றாவது, ஒவ்வொரு மூன்றுமுனைப் பாயிண்டிலும் எர்த் கம்பி மெயின் வரை தொடர்ந்து வருகிறதா, சுவிட்சு பேஸில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. சுவிட்சு நியூட்ரலில் இருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். நான்காவது, ஆர்.சி.சி.பி. உரிய அளவிலும் உரிய நேரத்திலும் விழுகிறதா என்று அதற்குரிய கருவியால் சோதிப்பது.

கருவியின் முகத்தில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது குடியிருப்பவரின் கடமை. சம்பள நாளன்று அழுத்துவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அழுத்தியும் விழாவிட்டால் கருவி செத்துவிட்டது என்று பொருள். பொத்தான் கருவியை மட்டுமே சோதிக்கும். எர்த்தை அது சோதிக்காது. இன்வர்ட்டர் உள்ள வீட்டில், மின்தடையின்போது இன்வர்ட்டரில் ஓடும் விளக்கும் விசிறியும் கருவியின் காப்புக்குள் வருகின்றனவா என்பதையும் வயர்மேனிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

யார் செலவு? யார் பொறுப்பு?

“வீடு அவருடையது, நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்?” என்பது குடியிருப்பவரின் கேள்வி. “கிரைண்டரும் அடுப்பும் அவர்கள் வாங்கியது, நான் ஏன்?” என்பது சொந்தக்காரரின் கேள்வி. இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் பெண்களும் குழந்தைகளும் நிற்கிறார்கள். வேலைக்குப் போகும் ஆண் வீட்டில் இருப்பது இரவில்தான். ஈரக் கையோடு கிரைண்டரையும், ஈரத் தரையில் நின்று சலவை இயந்திரத்தையும் நாள் முழுதும் தொடுபவர் பெண்.

சட்டம் என்ன சொல்கிறது? 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 46-வது விதி, இணைப்புப் பெற்ற ஒவ்வொரு மின் அமைப்பையும் ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்றது. சாமானியர் வீட்டுக்கு அப்படி யாரும் வந்து சோதித்ததாகக் கேள்வியில்லை. 2010-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு விதிகள், குறைந்த மின்னழுத்த இணைப்புகளில் இந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் உரிமையாளரின் சுயச் சான்றுக்கு விட்டுவிட்டன. கசிவுத் தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கிய விதியும் நெடுங்காலம் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த இணைப்புகளுக்கு விலக்கு அளித்து வந்தது. பெரிய பங்களாவுக்குக் கட்டாயம், ஈரச் சுவர் உள்ள சின்ன வீட்டுக்கு விலக்கு! 2010 விதிகளுக்குப் பதிலாக 2023-ல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. ஆனால் புது இணைப்பு கேட்டு வருபவரைத்தான் எந்த விதியும் எளிதில் பிடிக்கிறது. நாற்பது ஆண்டுக்கு முன் இணைப்பு வாங்கியவரின் வீட்டுக்குள் அது நுழைவதில்லை.

இங்கிலாந்தில் 2020-ல் ஒரு சட்டவிதி கொண்டுவந்தார்கள். வாடகைக்கு விடும் வீட்டின் மின் அமைப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் தகுதி பெற்றவரைக் கொண்டு சோதித்து, அறிக்கையைக் குடியிருப்பவரிடம் தர வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதே அது. வாடகை வாங்குபவர் வீடு அபாயமற்றது என்று காட்டக் கடமைப்பட்டவர் என்ற நியாயம் அதில் இருக்கிறது. அந்த நியாயம் இங்கே மட்டும் பொருந்தாதா?

எல்லை ஊர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து வயர்மேன்கள் இப்பாலும், இப்பாலுள்ளவர்கள் அப்பாலும் வேலைக்குப் போய் வருகிறார்கள். நல்ல வேலைக்காரர்கள் பலர் அவர்களில் இருக்கிறார்கள். ஆனால் வயர்மேன் பெர்மிட்டும் ஒப்பந்ததாரர் உரிமமும் அந்தந்த மாநில அரசு வழங்குபவை அல்லது ஏற்றுக்கொள்பவை. கேரளத்தில் மின்சார உரிமம் வழங்கும் வாரியத்தின் அனுமதி பெற்றவர் கையெழுத்திட்டால்தான் சோதனை அறிக்கை செல்லும். வேலையை ஒருவர் செய்ய, முகம் தெரியாத இன்னொருவர் கையெழுத்துப் போடும் வழக்கம் இருந்தால், சோதனை வெறும் காகிதமாகிவிடும். வேலை செய்தவரே சோதிக்க வேண்டும்; சோதித்த அளவுகள் தாளில் எண்ணாக எழுதப்பட்டு வீட்டில் ஒரு பிரதி இருக்க வேண்டும். “எல்லாம் ஓகே” என்பது அறிக்கை ஆகாது.

செய்யக் கூடியவை

இந்தியாவில் 2021-ம் ஆண்டில் மட்டும் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12 ஆயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு கூறுகிறது. 2025 ஜூலையில் கொல்லம் மாவட்டம் தேவலக்கரைப் பள்ளியில் தாழத் தொங்கிய மின்கம்பியால் ஒரு மாணவன் உயிரிழந்தபோது மாநிலமே கொதித்தது. பள்ளிகளைச் சோதிக்க உத்தரவுகள் பறந்தன. அது தேவையானதே. வீதியில் தொங்கும் கம்பி எல்லோர் கண்ணிலும் படுகிறது. சுவருக்குள் வெடித்த கம்பி யார் கண்ணிலும் படுவதில்லை. வீட்டுக்குள் நேரும் சாவு, அந்த வீட்டின் தலைவிதி என்று முடிந்துவிடுகிறது.

மின்சார வாரியம் நினைத்தால் பெரும் செலவின்றி ஒரு தொடக்கம் செய்யலாம். இணைப்பின் பெயர் மாறும்போதும், சுமை கூட்டக் கோரும்போதும், பழைய வீட்டுக்குப் புதிய சோதனை அறிக்கையும் 30 மில்லி ஆம்பியர் கருவியும் வேண்டும் என்று வற்புறுத்தலாம். நெய்யாற்றின்கரை, பாறசாலை செக்‌ஷன் அலுவலகங்களில் ஒரு மெக்கரும் ஓர் எர்த் டெஸ்டரும் ஒதுக்கி, ஏழைகளின் வீடுகளுக்குக் குறைந்த கட்டணத்தில் சோதனை முகாம் நடத்தலாம். நெய்யாற்றின்கரை நகராட்சியும் பாறசாலை, செங்கல், காரோடு போன்ற ஊராட்சிகளும் வாடகைக் குடியிருப்புகளுக்கு இதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம். அறிவிப்புகள் மலையாளத்தோடு தமிழிலும் இருந்தால், யாருக்குத் தேவையோ அவர் படிப்பார்.

அதற்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. நல்ல ஆர்.சி.சி.பி. ஒன்றின் விலை ஒரு நடுத்தர மிக்ஸியின் விலைக்குள் அடங்கிவிடும். குடியிருப்பவர் அதைத் தம் செலவில் வாங்கி, வீட்டுக்காரரின் சம்மதத்தோடு மாட்டி, வாடகையில் கழித்துக்கொள்ளப் பேசலாம். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம். வரிசை வீடுகளில் ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரு நாள் வயர்மேனை அமர்த்தினால் சோதனைச் செலவு பங்காகிவிடும். புது வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் தண்ணீர் வசதியைக் கேட்பவர்கள், எர்த் எங்கே, கருவி எங்கே என்றும் கேட்கத் தொடங்கினால், வீட்டுக்காரர்களும் அதை மதிக்கத் தொடங்குவார்கள். வீட்டுக்கு வரும் சர்வீஸ் கம்பியிலோ மீட்டரிலோ கோளாறு என்றால் வாரியத்தின் 1912 எண்ணில் புகார் சொல்லலாம். அந்தப் பகுதியில் தனியார் வயர்மேன் கை வைக்கக் கூடாது.

“முப்பது வருஷமாக இந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை” என்ற சமாதானம் எல்லா வீட்டிலும் கேட்கும். முப்பது வருஷமாக நடக்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்த முப்பது வருஷத்தில் கம்பியின் உறைக்கும் முப்பது வயது கூடியிருக்கிறது. அடுக்களையில் இண்டக்‌ஷன் அடுப்பு வந்தது மட்டும் போன வருஷம்.